செய்து காட்டுவது தவறில்லை

மாண்டிசோரி கல்வி முறையில் குழந்தைக்கு, குழிகளில் துண்டுகளைப் பொருத்தும் பசிலை (puzzle) செய்து காட்டவே கூடாது, தானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். உண்மையில், முதல் அறிமுகமே செய்து காட்டுவதுதான். ஆசிரியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டின் மேலுள்ள குமிழைப் பிடித்து ஒவ்வொரு துண்டாக மெதுவாக எடுத்து வைத்து, திரும்பப் பொருத்திக் காட்டுவார்கள், அதிகம் பேசாமல் (நமக்கு அதுதான் கஷ்டம்!). அப்புறம் குழந்தை தப்பாக வைத்தால் திருத்துவதில்லை. துண்டு குழிக்குள் உட்காராததே தப்பைக் காட்டிவிடும். திருத்தக் கூடாது என்ற இந்தப் பாதி மட்டும்தான் பரவியிருக்கிறது போல.

சந்தேகமிருந்தால், இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1914இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கையேட்டை புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பட்டன் மாட்டிப் பழகுவதற்கான துணிச் சட்டகம் பற்றிய பகுதியில், ஆசிரியர் விரல் அசைவுகளைத் தனித்தனியாகப் பிரித்து, மெதுவாகச் செய்து காட்டுவதை அவரே விவரித்திருக்கிறார்.