வைஃபை சாவியைப் பக்கத்து வீட்டார் பிடித்துவிட முடியுமா?

டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "வைஃபை காற்றலையை அளந்துதான் ரகசியச் சாவி உருவாக்குகிறது. பக்கத்து வீட்டாரும் அதே அலையைப் பிடித்தால் அதே சாவி கிடைத்துவிடும். கடவுச்சொல் வீண்."

மூன்றுமே தவறு. வீட்டு ரூட்டர், தகவலைப் பூட்டும் சாவியை உருவாக்குவது கடவுச்சொல்லையும், இணையும்போது இரு கருவிகளும் பரிமாறும் தற்செயல் எண்களையும் வைத்து. வீட்டு எண்ணையே கடவுச்சொல்லாக வைத்தவர்கள் வேண்டுமானால் கவலைப்படலாம்.

அலையை அளந்து சாவி எடுக்கும் முறை ஆய்வில் உண்டு, உண்மைதான். ஆனால் அது நிற்பதே இந்தச் செய்திக்கு நேரெதிரான ஒன்றின் மேல். ஃபோனுக்கும் ரூட்டருக்கும் இடையே போகும் அலையும் வரும் அலையும் ஒரே சுவர், ஒரே அலமாரியில் பட்டுத் தெறிப்பதால், இருபுறமும் ஏறக்குறைய ஒரே ஏற்ற இறக்கம் பதிவாகும். ஒட்டுக்கேட்பவருக்கு அப்படி இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் 6 சென்டிமீட்டர். அலை நாலாபக்கமும் தெறிக்கும் அறையில் ஃபோனிலிருந்தும் ரூட்டரிலிருந்தும் அதைவிடத் தள்ளியிருந்தாலே அவர் அளப்பது வேறாகிவிடும். திறந்த வெளியில் இந்தக் கணக்கு அவ்வளவு உறுதியில்லை.

இம்முறையின் நிஜமான தலைவலி வேறு. ராத்திரி ஃபோனை மேசையில் வைத்துத் தூங்கிவிட்டால் அலை அதிகம் மாறாது, சாவிக்கு வேண்டிய தற்செயலும் கிடைக்காது. அப்புறம் யாராவது தேநீரோடு குறுக்கே நடந்தால்தான் உண்டு.