பால், முட்டையை நிறுத்தியும் தடிப்பு நிற்கவில்லை
தோலில் அரிப்போடு தடிப்புத் தடிப்பாக எழும் காணாக்கடி நீடித்தால் முதலில் உணவு ஒவ்வாமைப் பரிசோதனை எடுக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 6 வாரத்துக்கு மேல் நீடிப்பதற்கு உணவு காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் வெளிக்காரணம் எதுவுமே அகப்படாது. நாங்களும் பரிசோதனைத் தாளை நம்பி மகளுக்குப் பால், முட்டை இரண்டையும் 4 மாதம் நிறுத்தினோம். பிள்ளை இளைத்ததுதான் மிச்சம். பிறகு பார்த்த மருத்துவர் ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, மறுநாள் பார்க்கச் சொன்னார். காலையில் வட்டம் மட்டும்தான் இருந்தது, உள்ளே தடிப்பின் சுவடே இல்லை. 24 மணி நேரம் தாண்டியும் அதே இடத்தில் நின்று, கன்றிப்போன அடையாளம் விட்டால்தான் ரத்தக்குழாய் அழற்சியோ என்று பார்க்க வேண்டுமாம். அரிக்கும்போது மட்டும் கொடுத்துவந்த செட்ரிசின் என்ற ஒவ்வாமை மருந்தை, அவர் சொன்ன அளவில் தினமும் கொடுத்த பிறகுதான் அவள் விடியும்வரை சொறியாமல் தூங்கினாள்.