நீல மார்பு, மஞ்சள் தகடு: அது இருவாச்சி இல்லை

“வால்பாறையில் சிக்கிய அபூர்வ வண்ண இருவாச்சி” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் தவறானது. அது இருவாச்சியே அல்ல, டூக்கான் என்ற அமெரிக்கக் கண்டப் பறவை. ஈக்வடாரிலும் கொலம்பியாவின் தென்மேற்கிலும், ஆண்டிஸ் மலையின் மேற்குச் சரிவில் மேகம் கவிந்த ஈரக்காடுகளில் வாழும் தகட்டலகு மலை டூக்கான்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுத்த அலகின் பக்கவாட்டில் வில்லை ஒட்டியதுபோல ஒரு மஞ்சள் தகடு. இந்த இனத்தின் அடையாளமே அதுதான். மார்பு சாம்பல் கலந்த நீலம், வாலடி சிவப்பு. இன்னும் சந்தேகமா? காலைப் பாருங்கள்: விரல்கள் முன்னே இரண்டு, பின்னே இரண்டு. இருவாச்சிக்கு முன்னே மூன்று.

பெரிய அலகு, பழம் தின்னும் பழக்கம், மரப்பொந்துக் கூடு எல்லாம் ஒத்துப்போவதால் குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் டூக்கானின் நெருங்கிய உறவு மரங்கொத்தியும் குக்குறுவானும். முட்டையிடும் பெண் பறவை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்வது இருவாச்சியின் வழக்கம். டூக்கானுக்கு அது கிடையாது. அளவிலும் எட்டாத தூரம்: இந்த டூக்கான் சுமார் அரை மீட்டர், நம் பெரிய இருவாச்சி ஏறத்தாழ ஒரு மீட்டர்.

இயற்கையான டூக்கான்கள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. ஆசியாவில் பார்த்தால் அது கூண்டுப் பறவை.