சுவரில் தொங்கும் திரையைக் கேட்டால் மடிக்கணினிக்குள் ஒரு திரையைக் காட்டுகிறார்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் இப்போது எங்கே பார்த்தாலும் சுவரில் ஒரு திரை. கோயில் மண்டபத்தில் பூசை நேரமும் உபயக்காரர் பெயர்களும் ஓடுகின்றன. ஒட்டுக்கடையில் நாசி லெமாக் விலை, தமிழ்ப்பள்ளி வாசலில் அறிவிப்பு. திரைக்குப் பின்னால் பாதி இடத்தில் ஒட்டியிருப்பது ராஸ்ப்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் குட்டிக் கணினி. நல்ல சாதனம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உபயக்காரர் பெயர் ஒன்றை மாற்றுவதற்கு அறுபது வயதுக்காரர் ஒருவர் கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறுகிறாரே, அதைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது. கீழே மேசையில் கணினி இருக்கிறது, வைஃபை இருக்கிறது. பிறகு எதற்கு ஏணி?

காரணம், பொருத்திக் கொடுத்தவர் யோசிக்கவில்லை. கேட்டால், தூரத்துக் கணினியின் திரையை நம் கணினியில் காட்டும் விஎன்சி நிரலைக் காட்டி எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: "விஎன்சி போட்டுக்குங்க அண்ணே, அவ்வளவுதான்." அவ்வளவுதான் இல்லை! பையோடு தொடர்பு கொள்வது ஒரு வேலை. பையில் சொருகியிருக்கும் திரையில் என்ன தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பது வேறு வேலை. இந்த இரண்டையும் குழப்பி எழுதிய குறிப்புகள்தான் ஊரெல்லாம் சுற்றுகின்றன. அவற்றை அப்படியே நகல் எடுத்து ஒட்டுகிறவர்களும் குறையவில்லை.

லினக்ஸில் திரையில் சன்னல்களை வரையும் பழைய அமைப்பான எக்ஸ்11 காலத்திலிருந்தே இதில் ஒரு வித்தியாசம் உண்டு. சுவரில் தெரிவது திரை 0. எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை தட்டும் இணைப்பு) வழியாகப் போய் 'விஎன்சிசர்வர்' என்று தட்டினால் அது திரை 1 என்று புதிதாக ஒன்றை நினைவகத்துக்குள் உருவாக்குகிறது. உங்கள் மடிக்கணினியில் அழகான மேசைத்திரை வரும். அங்கே படத்தைத் திறக்கலாம், பெயரை மாற்றலாம். சுவரில் ஒரு புள்ளிகூட அசையாது. எஸ்எஸ்எச்சோடு பெரிய எக்ஸ் எழுத்தைச் சேர்த்து உள்ளே போனாலும் இதே கதைதான். பையில் ஓடும் நிரலின் சன்னல் உங்கள் மடிக்கணினியில் திறக்கும். சுவர்த்திரை வேண்டுமென்றால் கட்டளைக்கு முன்னால் 'டிஸ்ப்ளே=:0' என்று போட வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் பத்துப் பக்கம் எழுதினால் யாருக்கு என்ன பயன்? (கட்டளைகளை இங்கே ஒலிப்பில்தான் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

அந்த வரியும் இன்று பாதிப் பேருக்கு உதவாது. ஏனென்றால் அடித்தளத்தையே மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். 2021 நவம்பரில் பையின் இயங்குதளத்தில் புல்ஸ்ஐ என்ற பதிப்பு வந்தபோது காட்சி இயக்கி, லினக்ஸ் கர்னலே திரையை நிர்வகிக்கும் கேஎம்எஸ் முறைக்கு மாறியது. அதோடு திரையை அணைக்க எல்லோரும் பழகியிருந்த 'டிவிசர்வீஸ்' செத்தது. 'விசிஜென்சிஎம்டி டிஸ்ப்ளே_பவர் 0' என்பதும் அந்த முறையில் கைவிட்டது. 2023 அக்டோபரில் அடுத்த பதிப்பான புக்வோர்ம் வந்தது. பை 4, பை 5 இரண்டிலும் எக்ஸ்11 போய் அதற்கு மாற்றான வேலண்ட் வந்து, வேஃபயர் என்ற சன்னல் மேலாளர் உட்கார்ந்தது. ஓராண்டுதான். 2024 அக்டோபரில் வேஃபயரையும் தள்ளிவிட்டு லேப்டபிள்யூசி வந்தது. தானாகத் தொடங்க வேண்டிய நிரலை எழுதும் கோப்பு மூன்று இடம் மாறியது: முதலில் எல்எக்ஸ்செஷன் அடைவு, பிறகு வேஃபயர்.ஐஎன்ஐ, இப்போது வீட்டு அடைவில் '.கான்ஃபிக்/லேப்டபிள்யூசி/ஆட்டோஸ்டார்ட்'. பையின் அமைப்புகளை எழுதும் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பும் '/பூட்' அடைவிலிருந்து '/பூட்/ஃபர்ம்வேர்' உள்ளே போய்விட்டது. மாற்றத்துக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் கோயில் கமிட்டிக்கு மென்பொருள் வல்லுநரா சம்பளத்துக்கு இருக்கிறார்? 2019இல் எழுதிய குறிப்பை வைத்து 2025இல் பொருத்துகிறவர், அந்தக் குறிப்பின் தேதியையாவது பார்க்க வேண்டாமா?

சரி, இன்று எது வேலை செய்யும்? முதலில் எந்த வகை ஓடுகிறது என்று பாருங்கள். 'எக்ஸ்டிஜி_செஷன்_டைப்' என்ற மாறியைக் கேட்கச் சொல்வார்கள். எஸ்எஸ்எச்சிலிருந்து கேட்டால் அது 'டிடிஒய்' என்றுதான் பதில் சொல்லும். அது உங்கள் எஸ்எஸ்எச் அமர்வைப் பற்றிய பதில், சுவர்த்திரையைப் பற்றியது அல்ல. அதற்குப் பதிலாக '/ரன்/யூசர்/1000' அடைவைப் பட்டியலிடுங்கள். அங்கே 'வேலண்ட்-0' அல்லது 'வேலண்ட்-1' என்று ஒரு பெயர் இருந்தால் வேலண்ட். 1000 என்பது முதலில் உருவாக்கிய பயனரின் எண்.

வேலண்ட் என்றால் இரண்டு மாறிகளை ஏற்றுமதி செய்யுங்கள். 'எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிஐஆர்' என்பதற்கு அந்த அடைவு. 'வேலண்ட்_டிஸ்ப்ளே' என்பதற்கு நீங்கள் பார்த்த பெயர். பிறகு 'டபிள்யூஎல்ஆர்-ராண்ட்ஆர்' என்று மட்டும் தட்டினால் இணைந்திருக்கும் திரைகளின் பெயர்களும் அவை ஏற்கும் அளவுகளும் வரும். பெரும்பாலும் 'எச்டிஎம்ஐ-ஏ-1'. அணைக்க அதே கட்டளையோடு '--அவுட்புட் எச்டிஎம்ஐ-ஏ-1 --ஆஃப்', ஏற்ற அதே வரியில் '--ஆன்'. திரையை நெடுக்கில் மாட்டியிருந்தால் '--டிரான்ஸ்ஃபார்ம் 90'. எக்ஸ்11 என்றால் 'டிஸ்ப்ளே=:0' போட்டு 'எக்ஸ்செட் டிபிஎம்எஸ் ஃபோர்ஸ் ஆஃப்'.

இங்கேதான் இன்னொரு எரிச்சல். கையால் தட்டினால் வேலை செய்கிறது, இரவு ஒன்பது மணிக்கு அணைக்கக் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) போட்டால் செய்யவில்லை என்று புலம்புகிறார்கள். கிரானுக்கு உங்கள் மாறிகள் எதுவும் தெரியாது. நிர்வாகி உரிமை தரும் சூடோவைப் போட்டால் ரூட் பயனராக மாறி அதே மாறிகள் உதிர்ந்துவிடும். இரண்டு மாறிகளையும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் கோப்பின் தலையில் எழுதி, திரை யாருடைய பெயரில் ஓடுகிறதோ அந்தப் பயனரின் கிரானில் போடுங்கள். சூடோ தேவையே இல்லை.

திரையை அணைத்தாயிற்று என்று நினைத்து வீட்டுக்குப் போனால் மண்டபத்து டிவி விடிய விடிய 'சிக்னல் இல்லை' என்று நீல வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கும். கணினி மானிட்டர் சிக்னல் நின்றால் தானே தூங்கும். டிவியை அப்படி நம்ப முடியாது. அதற்கு எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே கட்டளை அனுப்பும் சிஇசி வேண்டும். 'வி4எல்-யூட்டில்ஸ்' தொகுப்பை நிறுவினால் 'சிஇசி-சிடிஎல்' வரும். பை ரீஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் '--பிளேபேக்' கொடுத்துப் பையைப் பதிவு செய்யுங்கள். பிறகு '--டு 0 --ஸ்டேண்ட்பை' அணைக்கும், '--டு 0 --இமேஜ்-வியூ-ஆன்' எழுப்பும். 0 என்பது டிவியின் முகவரி. பை 4இல் இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் இருப்பதால் 'சிஇசி0', 'சிஇசி1' என்று இரண்டு சாதனங்கள் தெரியும். மின்சாரத் துளைக்குப் பக்கத்தில் இருப்பதில் கேபிளைச் சொருகி 0 எண்ணைப் பயன்படுத்துங்கள். ஒன்றும் நடக்கவில்லையென்றால் டிவியின் அமைப்பில் சிஇசி அணைந்திருக்கும். அதையும் ஆளுக்கொரு பெயரில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஒரே வசதிக்கு எதற்கய்யா இத்தனை பெயர்?

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. பைக்கு மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்தே எடுக்கிறார்கள்! வயர் வெளியே தெரியாது, பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்று பெருமை வேறு. யுஎஸ்பி 2 துளைக்கான வரையறை அரை ஆம்பியர், யுஎஸ்பி 3க்கு 0.9 ஆம்பியர். பை 4 கேட்பது 5.1 வோல்ட்டில் 3 ஆம்பியர். அது மட்டுமா, டிவியை யாராவது ரிமோட்டில் அணைத்தால் பல டிவிகளில் அந்தத் துளையில் மின்சாரம் நின்று, எழுதிக்கொண்டிருந்த எஸ்டி கார்டோடு பை பட்டென்று சாகும். சிஇசியில் நீங்களே அணைத்தாலும் அப்படித்தான். பிறகு தூரத்திலிருந்து எதை வைத்து எழுப்புவீர்கள்? பைக்குத் தனி அடாப்டர், தனிப் பிளக், வேறு பேச்சே இல்லை. பழைய கைப்பேசி சார்ஜரும் மெல்லிய கேபிளும் ஆகாது. 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்' என்று கேளுங்கள். 0x0 வந்தால் சரி. 0x50005 வந்தால் இந்த நொடியே வோல்டேஜ் குறைவாக இருக்கிறது, வேகத்தையும் குறைத்துக்கொண்டிருக்கிறது. 0x50000 என்றால் இப்போது சரி, ஆனால் பையை இயக்கிய பிறகு எப்போதோ குறைந்திருக்கிறது. திரை விட்டுவிட்டு அணைகிறது, பை தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று மென்பொருளைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

சாயங்காலம் இடி இடித்தால் இங்கே மின்சாரம் டிரிப் ஆவது புதிதா? மின்சாரம் திரும்பியதும் பை உடனே எழுந்துவிடும். டிவி ஸ்டேண்ட்பையில் கிடக்கும். பை எழும்போது எதிரே திரை இருப்பது தெரியாவிட்டால் எச்டிஎம்ஐயை அப்படியே விட்டுவிடும். அப்புறம் டிவியை ஏற்றினாலும் இருட்டாகவே கிடக்கலாம். மறுபடியும் ஏணி. பழைய குறிப்புகளில் இருக்கும் 'எச்டிஎம்ஐ_ஃபோர்ஸ்_ஹாட்பிளக்=1' கேஎம்எஸ் முறையில் உதவாது. '/பூட்/ஃபர்ம்வேர்/சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி' கோப்பில், இருக்கும் ஒரே வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'வீடியோ=எச்டிஎம்ஐ-ஏ-1:1920x1080@60டி' என்று சேருங்கள். கடைசி எழுத்து பெரிய டி. திரை இருக்கிறதோ இல்லையோ சிக்னல் கொடு என்று அதற்குப் பொருள். புதிய வரி தொடங்கினால் அந்தக் குறிப்பு படிக்கப்படாது. எல்லாம் சரியாக ஓடிய பிறகு பையின் அமைப்பு நிரலான 'ராஸ்பி-கான்ஃபிக்' உள்ளே ஓவர்லே கோப்பு முறையை இயக்கினால் கார்டில் எதுவும் எழுதப்படாது, மின்வெட்டில் கெடாது. பெயர்ப் பட்டியல் கோப்பு மட்டும் வேறு இடத்தில், ஒரு பென்டிரைவில், இருக்க வேண்டும். இல்லையென்றால் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய பெயரே திரும்பும்.

பெயரை மாற்ற முழு மேசைத்திரையைத் தூரத்திலிருந்து இழுத்துக்கொண்டிருப்பதும் வீண். குரோமியம் உலாவியை '--கியோஸ்க்' என்ற முழுத்திரை முறையில் பையிலேயே இருக்கும் ஒரு வலைப்பக்கத்தைத் திறக்க வையுங்கள். பக்கம் நிமிடத்துக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளட்டும். கீழே கணினியிலிருந்து கோப்பை எஸ்சிபி (எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பை நகலெடுக்கும் கட்டளை) மூலம் அனுப்பினால் சுவரில் மாறிவிடும். தமிழ்ப் பெயர்கள் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். 'ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்' நிறுவி உலாவியை மூடித் திறந்தால் போதும். உபயம் கொடுத்தவர் குடும்பத்தோடு வந்து தன் பெயருக்குப் பதில் கட்டங்களைப் பார்ப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை! இதைச் சோதிக்காமல் பொருத்திவிட்டுப் போகிறவரை என்ன சொல்வது?

திரையில் இப்போது என்ன தெரிகிறது என்று குருக்களுக்கு ஃபோன் போட்டுக் கேட்கவும் வேண்டாம். வேலண்டில் 'கிரிம்' என்று ஒரு சிறு நிரல், அதே இரண்டு மாறிகளோடு, சுவர்த்திரையை அப்படியே படமெடுத்துக் கொடுக்கும். எக்ஸ்11இல் 'ஸ்க்ராட்'. மௌஸ் தொட்டே ஆகவேண்டிய வேலைக்கு மட்டும் ராஸ்பி-கான்ஃபிக்கில் விஎன்சியை இயக்குங்கள். வேலண்டில் அது வேவிஎன்சி, 5900 போர்ட். அது காட்டுவது உண்மையான சுவர்த்திரைதான்.

வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் மண்டபத்தில் இருப்பது சிம் கார்டு ரவுட்டர் என்பதை மறக்காதீர்கள். அப்படிப்பட்ட இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்வது வழக்கம். அங்கே போர்ட் திறந்து விட்டாலும் வெளியிலிருந்து நுழைய முடியாது. முடிந்த இடத்தில் 5900ஐத் திறந்து வைப்பது ஆபத்து. 2024 மே மாதம் வந்த ராஸ்ப்பெரி பை கனெக்ட் உலாவியிலேயே திரையைக் காட்டும், அதற்கு வேலண்ட் வேண்டும். கட்டளை மட்டும் போதுமென்றால், உங்கள் சாதனங்களை ஒரு தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போதும்.

பொருத்திக் கொடுக்கும் தம்பிகளே, 2022 ஏப்ரலிலிருந்து 'பை' என்ற பொதுப் பயனர் பெயர் கிடையாது. நீங்கள் உருவாக்கிய பெயரும் கடவுச்சொல்லும் உங்களோடு கோலாலம்பூருக்குப் போய்விட்டால் இங்கே கமிட்டிக்கு மிஞ்சுவது பூட்டிய பெட்டிதான். பயனர் பெயர், கடவுச்சொல், ஹோஸ்ட்நேம் (வைஃபையில் பையை அடையாளம் காட்டும் பெயர்) மூன்றையும் தாளில் எழுதி அலுவலக அலமாரியில் வையுங்கள். ஹோஸ்ட்நேமை எல்லாப் பையிலும் 'ராஸ்ப்பெரிபை' என்றே விடாதீர்கள். இரண்டு பைகள் ஒரே வைஃபையில் இருந்தால் '.லோக்கல்' முகவரி எதற்குப் போகும் என்று சொல்ல முடியாது. பிறகு கீபோர்டையும் மௌஸையும் கழற்றுங்கள். கீழே இருக்கும் கணினியிலிருந்து கமிட்டிக்காரரையே உட்காரவைத்துத் திரையை அணைக்கச் சொல்லுங்கள், ஏற்றச் சொல்லுங்கள், ஒரு தமிழ்ப் பெயரை மாற்றச் சொல்லுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, டிவி ஸ்டேண்ட்பையில் இருக்கும்போதே மின்சாரத்தைத் திருப்பிக் கொடுங்கள். யாரும் ஏணி ஏறாமல் பெயர்ப் பட்டியல் திரும்பி வந்ததும் மீதிக் காசை வாங்குங்கள்.