லீவு நாள் தூக்கம்: ஒரு திருத்தம்

"வெள்ளி மாலை ஆபீசை விட்டு வந்தாலே டென்ஷன் முடிந்தது. சனி, ஞாயிறு தூங்க முடியவில்லை என்பவர்கள் சும்மா சொல்கிறார்கள்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. மேலாளரின் குத்தல் பேச்சும் கூட வேலை செய்பவர்கள் ஒதுக்கி வைப்பதும் வீடு வரை கூடவே வரும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 60 முழுநேர ஊழியர்களின் வார இறுதித் தூக்கத்தைக் கருவி கொண்டு அளந்தார்கள். வேலையிடத்தில் மனிதர்களோடு உரசல் அதிகம் இருந்தவர்களுக்கு ஞாயிறு இரவு தூக்கம் வரவே நேரமானது. வந்ததும் துண்டு துண்டாகக் கலைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் உங்கள் கூற்றுக்கு நேர் எதிரானது. மனம் வேலையை விட்டு விலகாததே அந்த உரசலையும் தூக்கக் கேட்டையும் இணைக்கும் முக்கியக் கண்ணி. அப்புறம், ஞாயிறு மதியம்வரை தூங்கினால் உடல் கடிகாரம் தள்ளிப்போய் அன்றிரவுத் தூக்கம் இன்னும் தாமதமாகும். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள், ஏற்கெனவே நொந்திருப்பவர்கள் இதைப் படிப்பார்கள்.