காரில் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் வைத்திருப்பவன் பயந்தாங்கொள்ளியாம்

பைபாஸில் ஒரு கார் எரிந்த வீடியோ இணையத்தில் சுற்றியது; எல்லாரும் பார்த்திருப்பீர்கள், திரும்பப் போடவில்லை. அதன் கீழே "காரில் ஒரு தீயணைப்பான் வையுங்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். "சார் ஓட்டுறது காரா, பெட்ரோல் டேங்கரா?" என்று ஒருவர். அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி. "பயந்தாங்கொள்ளி" என்றே எழுதினார் ஒரு நண்பர். சரி, சிரியுங்கள். ஆனால் வீடியோவின் ஆரம்பத்தை இன்னொரு முறை பாருங்கள். பானட் ஓரத்தில் கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அதுதான் நேரம். சுற்றி நிற்கிறவர்கள் எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஒருத்தர் கையிலும் சிலிண்டர் இல்லை.

என் மச்சானின் காரில் போய்க்கொண்டிருந்தபோது பெரம்பலூர் தாண்டி இதே மாதிரி புகை வந்தது. புதிதாக ஹாரனும் விளக்கும் மாட்ட எவனோ வயரை வெட்டி ஒட்டியிருந்தான். குழந்தைகளை இறக்கித் தூரமாக நிறுத்திவிட்டு, நாங்கள் கையில் தண்ணீர் பாட்டிலோடு திருதிருவென்று விழித்தோம். பின்னால் வந்த லாரி டிரைவர் சிலிண்டரோடு ஓடி வந்தார். "பானட்ட முழுசா தூக்காதீங்க, காத்து பட்டா குப்புனு புடிக்கும்" என்று அதட்டிவிட்டு, இடுக்கு வழியாகவே அடித்தார். அணைந்தது. காசு கொடுத்தோம், வாங்கவில்லை. "இத மட்டும் ரீஃபில் பண்ணிக் குடுங்க, எஃப்சில கேப்பாங்க" என்றார், அதாவது லாரிக்குத் தகுதிச் சான்று வாங்கும்போது. சட்டத்துக்காக அவர் வைத்திருந்தது எங்களைக் காப்பாற்றியது. இதற்கு யாராவது சிரிப்பு எமோஜி போடுவீர்களா?

"அந்தச் சின்ன சிலிண்டர் முழுக் காரையும் அணைக்குமா?" அணைக்காது. யார் அணைக்கும் என்றது? அதற்குள் இருக்கும் ஒரு கிலோ ஏபிசி பவுடர், அதாவது தீயை அணைக்கும் தூள், பத்து நொடிக்குள் தீர்ந்துவிடும். தீ சின்னதாக இருக்கும்போது பின்னைப் பிடுங்கி, தீயின் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும். தீ அடங்கவில்லையென்றால் சிலிண்டரைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். மின்சாரக் காரின் பேட்டரியே பற்றினால் இது உதவாது, நேராக ஓடவேண்டியதுதான்.

"பவுடர் பட்டால் இன்ஜின் வயரிங் வீணாகும்" என்கிறார் ஒரு புத்திசாலி. ஆமாம் ஐயா, எரிந்தால் மட்டும் பளபளவென்று இருக்கும்.

"இறங்கி ஓடினால் போதாதா?" 2023 பிப்ரவரியில் கேரளத்தின் கண்ணூரில், நிறைமாதக் கர்ப்பிணியை மருத்துவமனைக்கு அழைத்துப்போன கார், வாசலை நெருங்கும்போது எரிந்தது. பின்சீட்டில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். முன்கதவு திறக்கவில்லை, கணவனும் மனைவியும் உள்ளேயே போய்விட்டார்கள். ஒரு சிலிண்டர் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "இறங்கி ஓடு" என்று சுலபமாகச் சொல்லாதீர்கள். எனக்கு அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து மனசு ஆறவில்லை. நீங்கள் அதற்குப் பெயர் பயம் என்கிறீர்கள். அதுவும் அப்படி எழுதியது யார்? என் வண்டியிலேயே ஏறி ஊருக்குப் போய் வந்த நண்பர்!

ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். சிலிண்டர் மேலுள்ள அழுத்த மீட்டரின் முள் பச்சையில் நிற்க வேண்டும். டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் புதைக்காமல், முன்சீட்டுக்குக் கீழே கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். அவ்வப்போது எடுத்துக் கவிழ்த்து ஆட்டினால் பவுடர் கட்டி தட்டாது. விலை ஆயிரம் ரூபாய் சுற்றித்தான். இரண்டு பேர் பிரியாணி சாப்பிட்டு, ஐஸ்கிரீமும் சாப்பிட்டால் ஆகிற காசு.

போலந்தில் சொந்தக் காருக்கே இது கட்டாயம். நமக்குப் பேருந்துக்குக் கட்டாயம், சொந்தக் காருக்கு இல்லை. உடனே "அப்போ சட்டம் வரட்டும், வைக்கிறோம்" என்பீர்கள். சட்டம் வந்தால் நாம் என்ன செய்வோம் என்று தெரியாதா? சீட் பெல்ட் போடாமல் அலாரத்தை மட்டும் நிறுத்த ஒரு கிளிப் விற்றார்கள், காசு கொடுத்து வாங்கினோம். அதை விற்காதே என்று இணையக் கடைகளுக்கு 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போடவேண்டி வந்தது. நாளைக்குத் தீயணைப்பானும் கட்டாயம் என்றால், போலீஸுக்குக் காட்ட மட்டும் சிவப்புப் பெயின்ட் அடித்த காலி டப்பா இருநூறு ரூபாய்க்கு வரும். அதையும் நாம்தான் வாங்கி மாட்டுவோம், பேரம் பேசி.