ஐந்தாம் நிலை கையுறை ஊசியைத் தடுக்காது

நம்ம மதுரை வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. 'லெவல் 5 கையுறை, போலீசும் ஜெயில் வார்டரும் போடுவது, கத்தியும் இறங்காது ஊசியும் இறங்காது' என்கிறார்கள். பாதிதான் உண்மை, மற்ற பாதி ஆபத்தானது.

கையுறையின் முதுகில் சுத்தியல் படத்துக்குக் கீழே 4543 என்று இருக்கும். அது ஐரோப்பிய இ.என் 388 தரம். முதல் எண் தேய்மானம், இரண்டாவது கத்தி வெட்டு, மூன்றாவது கிழிசல், கடைசிதான் குத்து. வீடியோ காட்டும் 5 வெட்டுக்கு உரியது. சரி, குத்துக்கு 3 இருக்கிறதே என்றால், அந்தச் சோதனையில் இறக்குவது 4.5 மில்லிமீட்டர் தடிமனான, முனை மழுங்கிய எஃகு ஆணி. 25 கேஜ் என்ற அளவுள்ள சிரிஞ்சு ஊசியின் தடிமன் அரை மில்லிமீட்டர்தான், முனையும் சீவியது.

டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய ஒன்றை வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், இழைக்கு இழை இடைவெளி தெரிகிறது. மேஜையில் வைத்துக் குண்டூசியை அழுத்தினேன், இழையை விலக்கிக்கொண்டு சுலபமாக இறங்கிவிட்டது.

அமெரிக்காவில் காவலர், சிறைக் காவலர் கையுறைகளுக்காக 1999-ல் வந்த சோதனை முறையிலேயே வெட்டும் குத்தும் தனித்தனி. சிரிஞ்சு ஊசிக்கென்றே ஏ.எஸ்.டி.எம் என்ற தர நிர்ணய அமைப்பின் எஃப் 2878 என்ற சோதனையும் இருக்கிறது, கடையில் அதைக் கேளுங்கள். அதில் தேறிய கையுறையும்கூட குத்தை ஓரளவு தாங்கும், அறவே தடுத்துவிடாது. அதனால் பைகளைச் சோதனை போடும் தம்பிகளே, எந்தக் கையுறை போட்டிருந்தாலும் அடுத்தவர் பையில் கையை விடாதீர்கள், கொட்டிப் பாருங்கள்.